சிறை சென்ற நகரசபை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்னும் சிறிது நேரத்தில் இசையும் நாட்டியமும் நடைபெறவிருக்கும் இம்மேடையில், லண்டன் மாநகரின் கிழக்கு மூலையில் நடந்த நகரசபைத் தேர்தல்களைப் பற்றி நாம் பேசப் போவதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. அதைக் கண்ட அன்பர்கள் சிலர், "நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உறவு இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்வோம்.

1931ஆம் ஆண்டு இரண்டாம் வட்டமேஜை மகாநாட்டுக்காகக் காந்தியடிகள் லண்டன் சென்றார். அரண்மனை போன்ற விடுதிகள் பல இருந்தும் அவற்றில் தங்க அவர் விரும்பவில்லை. ஏழைத் தொழிலாளர் வாழும் கிழக்கு லண்டனில், பௌ என்னும் பகுதியிலுள்ள கிங்ஸ்லி ஹால் என்ற சிறு சமூக நிலையத்தில் ஏறத்தாழ மூன்று மாத காலம் தங்கினார். அந்த இடம் அந்நாளில் பாப்ளர் என்னும் பரோவுக்கு உட்பட்டது. பரோ என்பது தனி நகரசபையுடைய ஒரு வட்டாரம். கிங்ஸ்லி ஹாலை நடத்திய இரு சகோதரிகளில் ஒருவரான மியூரியல் லெஸ்டர் அம்மையார், 1920களில் பாப்ளர் நகரசபையிலேயே பணியாற்றியவர். அதிகாலையில் அடிகள் நடந்து சென்ற அந்தத் தெருக்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், அத்தெரு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகரசபை அங்கத்தினர் முப்பது பேர், வாக்களித்தவர்களின் பொருட்டுச் சிறை சென்றிருந்தார்கள். அந்தக் கதையையும், அதற்கு முன்னும் பின்னும் அவ்வூரில் நடந்த தேர்தல்களின் கதையையும்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

முதலில் ஊரைச் சிறிது அறிந்துகொள்வோம். தேம்ஸ் நதி பெரியதொரு வளைவாக வளைந்து ஓடும் இடத்தில் அமைந்தது பாப்ளர். 1802இல் மேற்கிந்தியத் துறைமுகமும், 1806இல் கிழக்கிந்தியத் துறைமுகமும் அங்கே திறக்கப்பட்டன. நம் நாட்டுச் சரக்குகள் ஏற்றிவந்த கப்பல்கள் அடைந்த கரை அது. உலகத்தின் செல்வமெல்லாம் அக்கரையில் இறங்கிற்று. இறக்கிய தோள்களுக்கோ அன்றாடக் கூலிதான். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. காலையில் துறைமுக வாயிலில் திரண்டு நிற்கும் கூட்டத்திலிருந்து வேண்டிய ஆட்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அந்நாளைய வழக்கம்.

1899ஆம் ஆண்டு ஒரு சட்டம் லண்டனை இருபத்தெட்டுப் பரோக்களாகப் பிரித்தது. பாப்ளர், பிராம்லி, பௌ என்னும் மூன்று திருச்சபை வட்டங்கள் சேர்ந்து பாப்ளர் பரோ ஆயின. 1900ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் முதல் தேர்தல் நடைபெற்றது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் என்பது விதி. ஆனால் வாக்கு எல்லார்க்கும் உரியதன்று. வீட்டுக்கு வரி செலுத்துவோர் பட்டியலே ஏறக்குறைய வாக்காளர் பட்டியல். வறுமையால் பொது நிவாரணம் பெற்றவர்க்கு வாக்குரிமை இல்லை. பெண்களில் சிலர் வாக்களிக்கலாம். ஆனால் சபையில் அமரலாகாது. பெண்கள் நகரசபை அங்கத்தினராகும் உரிமை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. எவருடைய குழந்தை கழிநீர்க் காற்றால் நோயுற்றதோ, எவருடைய அடுப்பு எரியாமல் கிடந்ததோ, அவர்களிற் பலர் தேர்தலன்று வாயில்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதுவே தொடக்கக் காலத்தின் நிலை.

எனினும் அக்காலத்திலேயே இரண்டு மனிதர்கள் அவ்வூரில் தலையெடுத்தார்கள். ஒருவர் வில் குரூக்ஸ். சிறு வயதில் வறியோர் விடுதியில் வாழ நேர்ந்தவர். 1901இல் அவர் பாப்ளரின் மேயரானார். லண்டனில் தொழிலாளர் இயக்கத்திலிருந்து மேயர் பதவிக்கு வந்த முதல்வர் அவரே. மற்றவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. மர அறுவை ஆலை நடத்தியவர், கிறிஸ்தவ பக்தர், பௌ தெருவிலேயே குடியிருந்து, தம்மைத் தேடி வருபவர்க்கெல்லாம் கதவைத் திறந்து வைத்தவர். பின்னாளில் பிரிட்டிஷ் தொழிற்கட்சிக்கே தலைவரானார். இந்தியாவின் விடுதலைக்காகக் குரல் கொடுத்த ஆங்கிலேயர்களில் அவரும் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதற்காக 1912இல் தம் பார்லிமெண்டு பதவியைத் தாமே துறந்து, மீண்டும் போட்டியிட்டுத் தோற்றவர். வெற்றி தோல்வியைக் காட்டிலும் சொன்ன சொல் பெரிது என்று கருதியவர் என்பது அதனால் விளங்கும்.

முதல் உலக யுத்தத்தின் காரணமாக 1915இல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. 1918ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் பட்டியலை விரிவாக்கியது. நிவாரணம் பெற்றவர்க்கு வாக்கில்லை என்ற தடையும் நீங்கியது. 1919 நவம்பரில் தேர்தல் வந்தபோது பாப்ளர் மக்கள் தம் எண்ணத்தை ஐயத்துக்கு இடமின்றி உரைத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு இடங்களில் முப்பத்தொன்பது தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. துறைமுகத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், தபால்காரர் போன்றோர் நகரசபை மண்டபத்தில் அமர்ந்தார்கள். லான்ஸ்பரி மேயரானார்.

அவர்கள் செய்ததென்ன? வீடு கட்டினார்கள், தாய் சேய் நலனைக் கவனித்தார்கள். நகரசபை ஊழியர்க்குக் குறைந்த அளவு வாரக் கூலி நான்கு பவுன் என்று விதித்தார்கள். அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. நூறு ஆண்டுகளுக்கு முன் இது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நல்ல எண்ணம் மட்டும் கஜானாவை நிரப்பாது. இங்கேதான் கதையின் முடிச்சு விழுகிறது. அதைச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

அந்நாளில் நகரசபையின் முக்கிய வருமானம் வீட்டு வரி. வீட்டின் வாடகை மதிப்பில் ஒரு பவுனுக்கு இத்தனை ஷில்லிங், இத்தனை பென்னி என்று வரி விதிப்பார்கள். மாளிகைகள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பென்னி வரி விதித்தால் கிடைக்கும் தொகை, குடிசை போன்ற வீடுகள் நிறைந்த பாப்ளரில் அதே ஒரு பென்னி வரியால் கிடைக்கும் தொகையைப் போலப் பல மடங்கு. இது ஒரு பக்கம். வேலையற்றோர்க்கு நிவாரணம் அளிக்கும் செலவைப் பெரும்பாலும் அந்தந்த வட்டாரமே தாங்கவேண்டும் என்பது மறுபக்கம். வெஸ்ட்மின்ஸ்டரில் வேலையற்றோர் சிலர். பாப்ளரிலோ தெருவுக்குத் தெரு அவர்கள்தாம். 1921இல் வேலையின்மை பெருகியபோது, ஏழையே ஏழையைத் தாங்கவேண்டிய நிலை நேர்ந்தது. பசித்தவன் இலையிலிருந்து எடுத்து மற்றொரு பசித்தவனுக்குப் பரிமாறும் விருந்து அது.

இதற்கு மேல், லண்டன் மாவட்டக் கவுன்சில், போலீஸ், குடிநீர் வாரியம், மருத்துவ விடுதிகளின் வாரியம் ஆகிய பொது அமைப்புகளுக்கும் ஒவ்வொரு பரோவும் தன் வரியிலிருந்து பங்கு கட்டவேண்டும். வரியை இன்னும் உயர்த்தினால் மக்கள் தாங்கமாட்டார்கள். நிவாரணத்தைக் குறைத்தால் பட்டினிச் சாவு. இரண்டும் கூடாது என்று முடிவு செய்த பாப்ளர் நகரசபை, 1921 மார்ச்சு மாதத்தில் மூன்றாவது வழியொன்றை மேற்கொண்டது. பொது அமைப்புகளுக்குக் கட்டவேண்டிய பங்கை வசூலிக்கவே மறுத்துவிட்டது. "லண்டன் முழுவதற்கும் ஒரே பொதுச் சுமை என்றால், ஏழைகளின் சுமையும் லண்டன் முழுவதற்கும் பொதுவாகட்டும்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1921 ஜூலை 29ஆம் நாள், நகரசபையின் செங்கோல் ஏந்தியவர் முன் செல்ல, மேயர் சாம் மார்ச்சு தம் பதவிச் சங்கிலியை அணிந்து வர, அங்கத்தினர்களும் ஊர் மக்களும் ஏறக்குறைய ஐந்து மைல் தூரம் நடந்தே நீதிமன்றம் சென்றார்கள். உயர் நீதிமன்றத்துக்குச் செல்கிறோம், ஒருவேளை அங்கிருந்து சிறைக்கும் செல்வோம் என்னும் கருத்து அவர்கள் ஏந்திய பதாகையில் எழுதப்பட்டிருந்தது. பணத்தைக் கட்டும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்கள் கட்டவில்லை. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கைது தொடங்கிற்று. ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும் பெண்கள் ஹாலோவே சிறைக்கும் கொண்டு செல்லப்பட்டார்கள். இத்தனை நாள் தண்டனை என்ற கணக்கே இல்லை. ஆணைக்குப் பணியும் வரையில் சிறை.

சிறை சென்ற பெண்களில் மூவரைத் தாய்மார்கள் நினைவில் வைக்கவேண்டும். ஒருவர் நெல்லி கிரெசல். கருவுற்றிருந்த நிலையில் சிறை புகுந்தவர். அவரே பின்னாளில் 1943இல் பாப்ளரின் மேயரானார். மற்றொருவர் சூசன் லாரன்ஸ். முதலில் கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்தவர். பள்ளிகளைக் கூட்டித் துடைக்கும் பெண்களின் கூலியைக் கண்டு மனம் மாறித் தொழிலாளர் பக்கம் வந்தவர். 1923இல் பார்லிமெண்டு சென்ற முதல் தொழிற்கட்சிப் பெண்மணிகளுள் ஒருவர். மூன்றாமவர் மின்னி லான்ஸ்பரி. ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகள்; பள்ளி ஆசிரியையாக இருந்தவர்; வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்தின் மகள். வந்தேறிய குடும்பத்துப் பெண், வந்த ஊரின் ஏழைகளுக்காகச் சிறை சென்றாள் என்பதை, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

சிறைக்குள்ளேயும் நகரசபை கலையவில்லை. பிரிக்ஸ்டன் சிறையிலேயே சபைக் கூட்டம் நடத்த அனுமதி பெற்றார்கள். ஹாலோவேயிலிருந்து பெண் அங்கத்தினர்களை வண்டியில் அழைத்து வந்து கூட்டம் நடந்தது. மாலையில் சிறை மதிலுக்கு வெளியே மக்கள் திரளுவார்கள். லான்ஸ்பரி தம் அறையின் கம்பிகளினூடே அவர்களிடம் பேசுவார். இதற்கிடையே பெத்னல் கிரீன், ஸ்டெப்னி ஆகிய அண்டைப் பரோக்களும் பாப்ளரின் வழியைப் பின்பற்றத் தீர்மானித்தன. முப்பது பேரைச் சிறையில் வைத்த அரசாங்கம் முந்நூறு பேரை எங்கே வைக்கும்? அக்டோபர் 12ஆம் நாள், ஏறத்தாழ ஆறு வாரச் சிறைவாசத்துக்குப் பின், அனைவரும் விடுதலையானார்கள். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே, ஏழைகளின் நிவாரணச் செலவைச் செல்வ வட்டாரங்களும் பகிர்ந்துகொள்ளும்படி பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. சிறையில் உடல் நலிந்த மின்னி லான்ஸ்பரி, 1922 ஜனவரி முதல் நாள் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பௌ சாலையில் அவர் நினைவாக வைத்த கடிகாரம் ஒன்று இன்றும் இருக்கிறது.

அன்பர்களே, ஒரு பக்கக் கதையை மட்டும் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பாப்ளரின் முறையை அவர்களுடைய கட்சியிலேயே எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது ஹாக்னி பரோவின் மேயராயிருந்த ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறுவது ஆளத் தகுதியற்றவர் என்ற பெயரைத் தேடித் தரும் என்று கருதினார். மேலும், நான்கு பவுன் கூலியும் வழக்காயிற்று. விலைவாசி இறங்கிய பின்னும் கூலியை இறக்காதது வரி செலுத்துவோர் பணத்தை வீணாக்கியதாகும் என்று தணிக்கையாளர் முடிவு செய்து, ஐயாயிரம் பவுனை அங்கத்தினர்களின் பொறுப்பில் சுமத்தினார். ஒரு நீதிமன்றம் தணிக்கையாளர் பக்கம், அடுத்த நீதிமன்றம் நகரசபையின் பக்கம் என்று மாறி மாறி வந்து, 1925இல் பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பு தணிக்கையாளர் பக்கமே அமைந்தது. ஊர்ப் பணத்துக்கு அங்கத்தினர் தர்மகர்த்தா போன்றவர். தம் கருணையைத் தம் பணத்தில் காட்டலாம், பிறர் பணத்தில் காட்டலாகாது என்பது அத்தீர்ப்பின் போக்கு. அது நியாயமா அன்றா என்று சட்ட அறிஞர்கள் இன்றளவும் வாதிடுகிறார்கள். பாப்ளரின் பெயரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சொல்லே பிறந்துவிட்டது. பாப்ளரிசம் என்றால், புகழ்வோர்க்கு ஏழைகளின் பக்கம் நிற்றல். இகழ்வோர்க்கு ஊர்ப் பணத்தை வாரி இறைத்தல்.

சட்ட அறிஞர்களின் தீர்ப்பு அவ்வாறிருக்க, வாக்காளர்களின் தீர்ப்பு எப்படி இருந்தது? 1922 நவம்பரில் நகரசபைத் தேர்தல் வந்தது. லண்டனின் பல பரோக்களில் தொழிற்கட்சி அவ்வாண்டு பெரிதும் தோற்றது. பாப்ளரில் நிலைத்தது. அதே மாதம் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் சிறை சென்ற லான்ஸ்பரியும் சாம் மார்ச்சும் வெற்றி பெற்றார்கள். சொன்னதைச் செய்தவர்களை, அதற்காகத் துன்புற்றவர்களை, அவ்வூர் மறக்கவில்லை.

இத்துடன் கதையை முடித்துவிட்டால் இனிக்கும். ஆனால் ஓர் ஊரின் தேர்தல் வரலாறு ஒரு வெற்றியோடு நின்றுவிடுவதில்லை. தலைமுறை மாறும், மக்கள் மாறுவார்கள், விழிப்புத் தளரும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பாப்ளரின் துறைமுகங்களின் மேல் குண்டு மாரி பொழிந்தது. யுத்தத்துக்குப் பின் கட்டிய புதிய குடியிருப்புக்கு லான்ஸ்பரியின் பெயரையே சூட்டி, 1951ஆம் ஆண்டுப் பிரிட்டன் திருவிழாவில் அதனை நாட்டுக்குக் காட்சியாக வைத்தார்கள். 1965இல் லண்டனின் பரோக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, பாப்ளர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் இணைந்து டவர் ஹாம்லெட்ஸ் என்னும் புதிய பரோவாயின. அன்று தோளோடு தோள் நின்ற மூன்று ஊர்களும் ஒரே குடும்பமாயின என்று சொல்லலாம். அதன் முதல் தேர்தல் 1964 மே மாதம் நடந்தது. தொழிற்கட்சி வென்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டது. 1986இல் லிபரல் அணியினர் மயிரிழையில் வென்று, பரோவை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து நடத்தினார்கள். 1994இல் தொழிற்கட்சி மீண்டும் வந்தது.

இதற்கிடையே துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1980இல் மேற்கிந்தியத் துறைமுகமும் மூடிற்று. அந்நிலங்களைச் சீரமைக்க 1981இல் அரசாங்கம் ஒரு கழகத்தை நியமித்தது. மக்கள் வாக்கால் வந்ததன்று அக்கழகம். எந்தக் கட்டடம் எங்கே எழலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் நகரசபையிடமிருந்து அதற்குச் சென்றது. வானளாவிய மாளிகைகள் எழுந்தன. 1991இல் நிறைவேறிய ஐம்பது மாடிக் கோபுரத்தின் நிழல், வீடு கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்களின் மேல் விழுந்தது. "நம் ஊரில் நம் சொல் ஏறவில்லை" என்ற கசப்பு மக்கள் மனத்தில் ஊறிற்று. கசப்பு ஊறினால் அதைக் கறந்துகொள்ள ஒருவர் வருவார். துறைமுகங்களை அடுத்த மில்வால் வார்டில் 1993 செப்டம்பர் 16ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில், வெள்ளையர் அல்லாதார்மீது வெறுப்பை வளர்த்த பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் அபேட்சகர் வெற்றி பெற்றார். வீட்டுப் பஞ்சத்துக்குக் காரணம் வங்காளதேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களே என்று மக்களை நம்பவைத்தார்கள். எத்தனை வாக்கு வித்தியாசம் தெரியுமா? ஏழு. ஆம், ஏழே வாக்குகள். இம்மண்டபத்தில் இரண்டு குடும்பத்தார் அமர்ந்திருக்கும் நாற்காலிகளை எண்ணினால் ஏழுக்கு மேல் இருக்கும். அந்த ஏழு வாக்கின் பயனாகத் தெருவில் அஞ்சி நடந்தவர்கள் எத்தனை பேர்!

ஆயினும் அவ்வூர் சோர்ந்துவிடவில்லை. பலதரப்பட்ட மக்கள் வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைத் திரட்டினார்கள். 1994 மே மாதத் தேர்தலில் வாக்குச் சாவடிகளில் கூட்டம் பெருகிற்று. அந்த அபேட்சகர் முன்னிலும் அதிகமான வாக்குகள் பெற்றார், ஆயினும் தோற்றார். இதன் பொருளென்ன? எதிரியின் வாக்கு குறைந்ததால் வெற்றி வரவில்லை. வீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்ததால் வெற்றி வந்தது.

இன்னும் ஒரு தேர்தலைச் சொல்லி முடிப்போம். 2010 முதல் டவர் ஹாம்லெட்ஸ் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. முதல் மேயராக வந்தவர் வங்காளதேசத்தில் பிறந்து அவ்வூரில் வளர்ந்த லுத்ஃபுர் ரஹ்மான். 2014இல் அவர் மீண்டும் வென்றார். ஆனால் வாக்காளர் நால்வர் தேர்தலை எதிர்த்து மனுச் செய்தார்கள். தேர்தல் நீதிமன்றம் 2015 ஏப்ரலில், முறைகேடுகள் நடந்தன எனக் கண்டு, அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு அவர் பதவிக்குப் போட்டியிடலாகாது எனவும் தடை விதித்தது. தாம் தவறு செய்யவில்லை என்பது அவர் நிலை. 2015 ஜூனில் மறு தேர்தல் நடந்து, தொழிற்கட்சியின் ஜான் பிக்ஸ் மேயரானார். தடைக்காலம் முடிந்தபின் 2022இல் ரஹ்மான் மீண்டும் நின்று, மக்கள் வாக்கால் மீண்டும் மேயரானார். இதில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. ஓர் ஊரின் தேர்தலையே செல்லாததாக்கிய வழக்கைத் தொடுத்தவர்கள் அமைச்சர்கள் அல்லர். பெரிய அதிகாரிகள் அல்லர். பட்டியலில் பெயருள்ள நான்கு வாக்காளர்கள்.

ஆக, ஓர் ஊரின் நூற்றிருபது ஆண்டுத் தேர்தல்கள் நமக்கு உணர்த்துவது யாது? வாக்கு என்பது கொடுத்தவுடன் தீர்ந்துபோகும் கடன் அன்று. இருபுறமும் கட்டும் கயிறு. ஒரு முனை தேர்ந்தெடுக்கப்பட்டவரைக் கட்டுகிறது. 1921இல் முப்பது பேர் சிறை வாசல் வரை சென்றும் அக்கட்டை அறுக்கவில்லை. மறு முனை வாக்களித்தவரைக் கட்டுகிறது. அவர் தளர்ந்து வீட்டில் அமர்ந்துவிட்டால், ஏழு வாக்கில் ஊரின் அமைதி கைமாறிப் போகும். அவர் கண்ணை மூடிக்கொண்டால், வேலியே பயிரை மேய்ந்தாலும் கேட்பாரில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். உத்தியோகம் காரணமாக ஊர் விட்டு வந்த குடும்பங்கள் நம்முடையவை. "இன்னும் இரண்டு வருஷத்தில் மாற்றல் வந்துவிடும், இந்த ஊர்க் கவலை நமக்கெதற்கு?" என்று சொல்லிச் சொல்லியே இருபது ஆண்டுகள் இங்கேயே இருந்துவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஊரிலுள்ள வாக்காளர் பட்டியலில் நம் பெயர் நீக்கப்பட்டிருக்கும். இங்குள்ள பட்டியலில் சேர்க்கப்பட்டிராது. சென்ற வார்டுத் தேர்தலன்று கிடைத்த விடுமுறையை நம்மில் பலர் எப்படிக் கழித்தோம் என்பதை வெளியே சொல்லவேண்டியதில்லை, மனச்சாட்சி அறியும். மறுநாள் சாக்கடை அடைத்துக்கொண்டபோது மட்டும், "இந்த ஊரில் கேட்பாரே இல்லை" என்று நாமே சலித்துக்கொண்டோம். கேட்பவராக இருக்கவேண்டியவர் நாமல்லவா?

நம் நாட்டுச் சட்டம், ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே வாக்காளராகப் பெயர் பதியலாம் என்கிறது. பிறந்த ஊர் எது, பேசும் மொழி எது என்று அது கேட்பதில்லை. பிரிட்டனிலோ, அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே, முறைப்படி அங்கே குடியிருக்கும் இந்தியரும்கூட நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். காமன்வெல்த் நாட்டவர்க்குள்ள உரிமை அது. இரவல் வீட்டிலும் விளக்கேற்றும் உரிமையை அங்கே தருகிறார்கள். சொந்த நாட்டின் மற்றொரு மூலையில், நம் உரிமை விளக்கை நாமே அணைத்து வைத்திருக்கலாமா?

நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேர்ப்பதற்காகக் காரியதரிசி வீடு வீடாகச் சென்று அழைப்பதும், காப்பி உண்டு என்று சொன்னபிறகே சிலர் வருவதும் நாம் அறிந்த வேடிக்கை. அதையும் இன்றோடு விட்டுவிடுவோம். சிறிய சபையில் பழகாதவன் பெரிய சபையில் பேசமாட்டான்.

மண்டபத்தின் வாயிலில், நாட்டியத்துக்கான டிக்கெட் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டிருக்கிறோம். வாக்காளராகப் பெயர் சேர்க்கும் படிவங்கள் அங்கே இருக்கின்றன. நிரப்பித் தர இளைஞர்கள் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். குடியிருப்புக்குரிய சான்றைக் கொண்டுவராதவர்கள் படிவத்தையேனும் வாங்கிச் செல்லுங்கள். அந்த மேஜையைக் கடக்கும்போது, ஐந்து மைல் நடந்து நீதிமன்றம் சென்ற அந்த ஊர் மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் நடக்கவேண்டிய தூரம் ஐந்து அடிதான்.